உங்களுக்கு இல்லாத வெட்கம்

பீரோவைத் திறந்தால் புதுத்துணியின் கஞ்சி வாசம் முகத்தில் அடிக்கிறது. என் தம்பி உங்களுக்குக் கோடி போட எடுத்துவந்த வேட்டி அது. மடிப்போடு கிடக்கிறது. யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை. கட்டிக்கொள்ளவும் ஆளில்லை.

சேலத்தில் டாக்டருக்குப் படிக்கிற அந்தக் கல்லூரியில் உங்களை இறக்கினோமே, அன்றைக்கு அங்கே வேலை செய்பவர் உங்கள் மேல் கிடந்த இந்த வேட்டியை மடித்து என் கையில் கொடுத்துவிட்டார். "துணி வேண்டாங்கம்மா, எடுத்துக்குங்க" என்றார். "இடுப்புக்கு மட்டுமாவது இருக்கட்டுங்க" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, முடியாது என்று ஆட்டினாரா, எனக்குப் புரியவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

நீங்கள் எப்படிப்பட்ட ஆள்! குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வாசலுக்கு வரமாட்டீர்கள். சட்டை மாற்ற என் முன்னாலேயே திரும்பி நிற்பீர்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளை பொத்தானைக் கழற்றியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டீர்கள், நான் பார்த்தேன். அப்படிப்பட்டவர்தான் செத்த பிறகு உடம்பைப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டீர்கள்.

"ஏனுங்க, வெக்கமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

மூச்சைப் பிடித்து இழுத்துத்தான் பதில் சொன்னீர்கள். "செத்தவனுக்கு என்ன அம்மிணி வெக்கம்? அது உனக்குத்தான்." சிரிக்கப் பார்த்தீர்கள். இருமல் விடவில்லை.

போர்வெல் போடும் ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய்விட்டு நீங்கள் வீடு வந்தால், மூக்கையும் வாயையும் மூடிக் கட்டியிருந்த உங்கள் துண்டைத்தான் முதலில் ஊறப்போடுவேன். கல்தூசி இறங்கித் தண்ணீர் பாலாகிவிடும். இவ்வளவையும் துண்டு தடுத்துவிட்டதே என்று எனக்கு நிம்மதியாக இருக்கும். உங்களுக்கும் அதுதான் நினைப்பு. பிறகு ஒருநாள் டாக்டர் உங்கள் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி நீங்கள் விடாமல் கேட்டீர்கள். "எந்த வழியாங்க உள்ள போச்சு? போனது ஏனுங்க திரும்பி வரல?" அவரும் சலிக்காமல் வரைந்து காட்டினார். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து, "இத மொதல்லயே ஒருத்தர் காட்டியிருந்தா, துண்டக் கட்டிக்கிட்டு நின்னிருப்பனா?" என்றீர்கள். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.

கருமாதி அன்று உங்கள் அக்கா பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். "எரிக்க வெறகு கெடைக்கலயா இவளுக்கு? கறிக்கடையில போடற மாதிரி எந்தம்பியக் கொண்டுபோயிப் போட்டுட்டு வந்துட்டா." யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தானே இருந்தது. அன்றிலிருந்து கடைக்குப் போனாலும் ஓரமாகத்தான் நிற்கிறேன். எல்லாரும் உங்களைத் துணியில்லாமல் பார்க்கிற மாதிரியும், அதற்கு நான்தான் கதவு திறந்துவிட்ட மாதிரியும் இருக்கிறது.

போன வாரம் அந்தக் கல்லூரியில் பொருட்காட்சி, பொதுமக்களும் பார்க்கலாம் என்று சொன்னார்கள். கண் காட்டப் போவதாக உங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டு ராசிபுரத்தில் பஸ் ஏறினேன். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அங்கே உங்களை மூடி வைத்திருக்கிறார்களா, இல்லையா.

கண்ணாடி ஜாடிகளில் ஈரல், குடல், இருதயம். ஒவ்வொரு மேசைக்கும் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பிள்ளை நின்று சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் தள்ளினார்கள். ஓரத்து மேசையில் நின்ற வெள்ளைக் கோட்டுப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏஞ்சாமி, படிக்கறதுக்கு வெச்சிருக்கறவங்கள எல்லாம்... துணி போட்டு மூடுவீங்களா?"

"மூடித்தாங்கம்மா இருக்கும். அன்னிக்குப் படிக்கிற எடத்த மட்டும் தொறப்போம். உங்க சொந்தத்துல யாராவது குடுத்திருக்காங்களா?"

"இல்லீங்க, சும்மா கேட்டேன்" என்றேன். நெஞ்சுப் பாரம் ஒரு பக்கம் இறங்கியது. நாக்கு மறுபக்கம் சுட்டது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள், உங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் பிள்ளைகளிடம் திரும்பியது. ஒரு கையில் பாத்திரம் துலக்கும் பஞ்சு. "நல்ல நுரையீரல் இப்படி அமுங்கி விரியும். இந்த ஜாடியில இருக்கறது விரியாது. பெரிய தூசி மூக்குலயே நின்னுடும். கண்ணுக்குத் தெரியாத கல்தூசிதான் அடிவரைக்கும் போகும். போனது வெளிய வராது. அதச் சுத்தித் தழும்பு கட்டிக்கும். தழும்பு கூடக்கூட மூச்சு கொறஞ்சுக்கிட்டே வரும்."

அது உங்களுடையதா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி முன்னால் வந்தாள். "அக்கா, எங்கப்பா ரிக் வண்டிலதான் இருக்காரு. துண்டு கட்டிக்குவாரு. அது போதுமில்ல?"

"துண்டு பத்தாதும்மா. தூசி பறக்காம தண்ணி விட்டு ஓட்டணும். அதுக்குன்னு இருக்கற மாஸ்க் போடணும்."

"சொன்னா எங்கப்பா நம்பமாட்டாரு. துண்டு கட்டிக்கிட்டா ஒன்னும் ஆவாதும்பாரு."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் தோளைத் தொட்டேன்.

"நம்புவாரு சாமி. நாஞ்சொன்னேன்னு சொல்லு. எங்க ஊட்டுக்காரரும் ரிக் வண்டிதான். துண்டுதான் கட்டுனாரு. நாந்தான் தொவச்சுக் குடுத்தேன். இப்ப அவரு இங்கதான் இருக்காரு, இவங்கல்லாம் படிக்கறதுக்கு."

சிரிப்பு நின்றுவிட்டது. முகம் எரிந்தது எனக்கு. வெள்ளைக் கோட்டுப் பெண் என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. அதன் விரலெல்லாம் மருந்து வாசம்.

வெட்கம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். உங்கள் அக்காவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் சாவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வாசப்படி தாண்டாதவள், அன்று பொருட்காட்சியிலிருந்து திரும்பி அப்படியே உள்ளே வந்தேன். கைகூடக் கழுவவில்லை. என்னைப் பிடித்த அந்தப் பெண்ணின் கை உங்களையும் தொட்ட கையாக இருக்கலாம் அல்லவா.