மோட்டார் கொட்டகை ஆந்தை

ஆனி 9, திங்கள்

இன்று என் மோட்டார் கொட்டகைச் சுவருக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன். போன வாரம் அதில் நான் ஆசையாக வரைந்த ஒற்றைக்கண் ஆந்தையை அழிக்கத்தான். ஒரு வீடியோ கேமில் வரும் ரகசியக் குழுவின் சின்னம் அது. கல்லூரி விடுதியில் நானும் செந்திலும் அதன் மூன்று பாகங்களையும் சேர்ந்தே ஆடி முடித்தோம்.

காலையில் மேலத்தெருவிலிருந்து ஆறு பேர் வந்து நின்றார்கள்.

"இது எந்த சங்கத்துச் சின்னம்டா? உங்க காலனியில புதுசா ஏதாச்சும் ஆரம்பிக்கிறீங்களா?" என்றான் முன்னால் நின்றவன். என்னைவிட வயதில் சின்னவன்.

"கேம்ல வர்ற படம்ங்க" என்றேன்.

"கதை விடாத. சாயந்திரத்துக்குள்ள அழிச்சிடு. அறுப்பு மெஷின் எங்க வயல் வழியாத்தான உன் வயலுக்கு வரணும்?"

குறுவை நட்டுப் பத்து நாள் ஆகிறது; மூன்று மாதத்தில் அறுத்தாக வேண்டும். "சரிங்க, அழிச்சிடறேன்" என்றேன்.

செந்திலும் மேலத்தெருக்காரன். அந்த ஆறு பேரில் ஒருவனாகத்தான் வந்திருந்தான். 'ஆமா, கேம்தான்' என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். செல்போனைத் தடவிக்கொண்டே நின்றான். குழுவில் இருப்பவனைக் கைவிடக் கூடாது என்பதுதான் அந்த கேமில் முதல் சத்தியம். விடுதியில் அதை எழுந்து நின்று சத்தமாகப் படிப்பான், பாவி.

அவன் பைக் டேங்கில் அதே ஆந்தை இருக்கிறது. அந்த ஸ்டிக்கரை ஒட்டிக்கொடுத்தவன் நான். அது எந்த சங்கம் என்று இத்தனை வருடத்தில் அவனை ஒருவரும் கேட்டதில்லை.