ரைட் சொன்னால்தான் வண்டி நகரும்

ஜூன் 16, கல்லணை

காலையிலேயே வெயில். மேல்காற்று, ஒரே புழுதி. தண்ணீர் திறந்துவிட்டார்கள். மந்திரிகள், மாலை, மைக், கரை வேட்டிகள் எல்லாம் கலைந்த பிறகுதான் நாங்கள் பாலத்துக்குப் போனோம். பூவும் விதைநெல்லும் தண்ணீரில் மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

வேலைகள்: டிரம்மில் தண்ணீர் நிரப்ப. கேஸ் பார்க்க (பாதிதான் இருக்கும்). புளிக்காய்ச்சல் பாட்டிலுக்கு வேறு மூடி. இவருக்குக் கண் சொட்டு மருந்து. நேற்றுப் போடவில்லை. கேட்டால் "போட்டுட்டேன்" என்கிறார். பொய்.

வண்டி வாங்கி மூன்றாவது வருஷம். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, ஃபேன் எல்லாம் இவரே பொருத்தியது. கதவோரம் ஒரே ஒரு சீட்டை மட்டும் விட்டுவைத்தார், "யாராவது வந்தா உக்கார". ஜூன் வந்தால் இங்கிருந்து கிளம்பி, காவிரித் தண்ணீரோடு கூடவே கடல்வரை. அது நிற்கும் இடத்தில் நாங்களும் நிற்போம். ஆயுசு முழுக்க டைம் கீப்பரிடம் கையெழுத்து வாங்கி பஸ் ஓட்டிய மனுஷன். இப்போது டைமே பார்க்காமல் ஓட்டுவதில் அப்படி ஒரு சந்தோஷம்.

கலா ஃபோன். "அம்மா, சொந்த வீட்டைப் பூட்டிப்போட்டுட்டு ஏம்மா இப்படி நாடோடி மாதிரி?" நாடோடி என்ற வார்த்தை இவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சாப்பிடும்போதுகூட, "நாடோடிக்கு இன்னும் கொஞ்சம் ரசம்."

மாலை கிளம்பினோம். இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுந்தாயிற்று, வண்டி மட்டும் நகரக் காணோம். நான் தலையை முடிந்துகொண்டிருந்தேன்.

"என்ன நர்ஸம்மா, ரைட் குடுக்கலையே."

"ரைட்."

நகர்ந்தது. கிராம நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் இவருக்கு நான் நர்ஸம்மாதான். கல்யாணமான நாளிலிருந்து சைக்கிளில் பின்னால் ஏறினாலும் ரைட் சொன்னால்தான் மிதிப்பார்.

ஜூன் 17, திருவையாறு

ராத்திரி நாங்கள் தூக்கத்தில் இருக்கும்போது தண்ணீர் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. காலையில் பார்த்தால் நுங்கும் நுரையுமாக ஆறு. குழந்தை மாதிரி கைதட்டினார்.

அசோகா அல்வா வாங்கினோம். சர்க்கரை இருக்கும் ஆளுக்கு இது தேவையா? நானும் தின்றேன். இரண்டு பேருக்கும் புத்தியில்லை.

இன்று ஒன்று கவனித்தேன். வண்டி ஓடும்போது நான் பேசிக்கொண்டே வருகிறேன். "லெஃப்ட்ல சைக்கிள்." "லெஃப்ட்ல ஆடு." "லெஃப்ட்ல ஒரு அம்மா குடையோட." எப்போதிலிருந்து இப்படி? தொணதொணவென்று பேசுவது என் சுபாவம் என்று நினைத்திருந்தேன். கடைத்தெருவில் நடக்கும்போதும் இடதுபக்கம் வருகிறவர்கள் மேல் இடித்துக்கொள்கிறார். காபி டம்ளரை இடதுபக்கம் வைத்தால் தேடுகிறார்.

மதியம் சொட்டு மருந்து போடும் சாக்கில், "நேரா பாருங்க, ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டு விரலை இடதுபக்கத்திலிருந்து மெல்லக் கொண்டுவந்தேன். மூக்குக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் இமை அசைந்தது.

கண்ணில் அழுத்தம் என்று ஏப்ரலில் தஞ்சாவூர் டாக்டர் சொன்னார். இவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைக்கவில்லை. போன பார்வை திரும்பாது. நர்ஸாக இருந்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

எப்படிச் சொல்வேன்? ஸ்டியரிங் இல்லாத இவரை எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது.

லைசென்ஸ் எனக்கும் இருக்கிறது. வண்டி வாங்கின வருஷம் இவரேதான் கற்றுக்கொடுத்தார், அவசரத்துக்கு ஆகுமென்று. "க்ளட்ச்ச மிதிக்கிறியா, தையல் மிஷின மிதிக்கிறியா?" எட்டுப் போட்டு வாங்கி வந்ததோடு சரி. அதன்பிறகு அந்த சீட்டில் என்னை உட்காரவிடவில்லை.

ஜூன் 18, பாபநாசம்

மேகமூட்டம். கொடியில் போட்ட புடவை காயவில்லை.

சிரித்துச் சிரித்து வயிறு வலி. பஸ் ஸ்டாப்பைப் பார்த்தால் இவர் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். இன்று ஊருக்கு வெளியே ஒரு ஸ்டாப்பில் மெல்லப் போனதுதான் தாமதம், ஒரு அம்மா கதவைத் திறந்து ஏறிவிட்டார். கையில் ஆஸ்பத்திரி சீட்டு.

"பொம்பளைக்கு ஃப்ரீதானே?"

"அம்மா, இது பஸ் இல்லைங்க."

"பின்ன ஏன் ஸ்டாப்புல நிறுத்துனீங்க?"

அந்த அம்மா உள்ளே சுற்றிப் பார்த்தார். கட்டில், அடுப்பு, கொடியில் புடவை. "பரவால்லையே. இந்த ஆட்சியில பஸ்ஸுக்குள்ள கட்டிலே போட்டுட்டாங்களா?"

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டோம். இவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. எவ்வளவு நாள் கழித்து ஒரு பாசஞ்சர்! அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கண்ணைப் பற்றி எப்படிப் பேசுவது. பேசவில்லை.

ஜூன் 19, அதே ஊர், வாய்க்கால் மதகு

எங்கள் மதகு. வருஷா வருஷம் இங்கே நிறுத்தி டீ போட்டுக் குடிப்பது வழக்கம். இங்கேதான் இவரை முதன்முதலாகப் பார்த்தேன்.

அறுப்புக் காலம் அது. கூலி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்காமல் இருந்தார்கள். மிராசுதார் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் போகிறார் என்று பேச்சு. லாரி வரக் கூடாதென்று ரோட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். கையில் அரிவாள், சிவப்புக் கொடி. லாரி வரவில்லை. வந்தது நான் உட்கார்ந்திருந்த டவுன் பஸ். எங்கள் அப்பா அதே மிராசுதாரிடம் குத்தகைக்கு உழுதவர். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு கரும்புக் கொல்லைக்குள் ஓடிவிட்டான்.

டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. இறங்கவும் இல்லை. ஸ்டியரிங்கில் கைவைத்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டை மறித்தவர்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது அவரைப் பெற்ற அம்மா என்று எனக்கு அப்போது தெரியாது.

பொழுது சாயும் நேரம் தாசில்தார் வந்து பேசி, கூட்டம் எழுந்தது. அவர் அம்மாவும் எழுந்து, புடவையை உதறிக்கொண்டு ஓரமாக நின்றார். பஸ் மட்டும் அப்படியே நிற்கிறது.

"ஏங்க, வழிதான் விட்டுட்டாங்களே, போங்களேன்."

"கண்டக்டர் ரைட் குடுக்காம வண்டிய எடுக்க ரூல் இல்லைங்க."

எனக்கு வந்ததே கோபம். மறுநாள் தடுப்பூசி போட வேண்டிய பிள்ளைகள் வேறு. "ரைட்!" என்று கத்தினேன். உடனே எடுத்தார். கண்ணாடியில் சிரித்தது தெரிந்தது.

மறியலில் உட்கார்ந்தவர் மகன் என்று கல்யாணத்துக்கு அப்பா வரவில்லை. பிறகு பிறகு இவர் ஓட்டும் பஸ்ஸிலேயே கும்பகோணம் போய்வருவார், பேசாமல், பிடிவாதமாக டிக்கெட் எடுத்து. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

டீயில் இஞ்சி கூடிவிட்டது.

ஜூன் 21, குத்தாலம் தாண்டி

நல்ல வெயில். மனசு சரியில்லை.

கும்பகோணத்தில் நேற்று நெரிசல், நிற்காமல் வந்துவிட்டோம். இன்று காலை நான் குனிந்து டிபன் பாக்ஸ் மூடியைத் தேடிய அந்த நேரத்தில் டமாலென்று ஒரு சத்தம். இடதுபக்கம் பால்காரர் சைக்கிளோடு விழுந்து கிடக்கிறார். கேன் உருண்டு ரோடெல்லாம் பால். முழங்கையில் சிராய்ப்பு மட்டும், தெய்வாதீனம். கழுவி மருந்து போட்டேன். பாலுக்கு இவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, சைக்கிளை நிமிர்த்திக்கொண்டே கேட்டார்:

"ஏன் பெரியவரே, கண்ணு தெரியலையா?"

ரோட்டில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். இவர் வாழ்நாளில் எத்தனை பேரைக் கேட்டிருப்பார்.

வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டினார். எதிரே பஸ் ஸ்டாப். மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூன் 22, அதே புளியமரம்

காலை இன்ஜினைப் போட்டார். கியர். காத்திருந்தார்.

நான் சொல்லவில்லை.

"நர்ஸம்மா."

"சொல்ல மாட்டேங்க."

"ஏன்?"

"நேரா பாருங்க. திரும்பாதீங்க. லெஃப்ட்ல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

என் சிவப்புத் துண்டை இடதுபக்கம் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலிக்கும்வரை பிடித்திருந்தேன். அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். துண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். இன்ஜினை நிறுத்தினார்.

"எனக்குத் தெரியும். ஏப்ரல்லேர்ந்தே தெரியும். நீ 'லெஃப்ட்ல சைக்கிள்'னு சொல்றத வச்சுத்தான் ஓட்டிட்டு இருந்தேன்."

துண்டை மடித்து மடியில் வைத்தேன்.

"வித்துடலாம் வண்டிய." சாவியை டேஷ்போர்டில் வைத்துவிட்டு வாய்க்கால் கரையில் போய் உட்கார்ந்துகொண்டார். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதேன்.

ஜூன் 23, அதே இடம்

சமையல்: சாதம், வத்தக்குழம்பு, அப்பளம். மூன்று நாள் துணி துவைத்தேன்.

டீக்கடையில் காதில் விழுந்தது: "கடமடைக்குத் தண்ணி வரலைன்னா நாத்து விட்டு என்னாத்துக்கு? மேல மதக மூடி வச்சிருக்கானுவோ." "நாளைக்கு ரோட்டுல உக்காந்தாத்தான் தெரியும்."

ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன். "விக்கிறது இருக்கட்டும். கடல்வரைக்கும் போயிட்டு விக்கலாம்."

"யாரு ஓட்டுறது?"

"நான்."

அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே: "நீ ஓட்டுனா நான் பஸ்ல வர்றேன்."

ஜூன் 24, காலை

சொன்னதைச் செய்துவிட்டார்! சட்டைக்கு இஸ்திரி இல்லாமல் வெளியே வராதவர், கசங்கின சட்டையோடு, கையில் மஞ்சள் பை, எதிர் ஸ்டாப்பில் போய் நின்றுகொண்டார். எனக்கும் இவருக்கும் நடுவில் ஒரு ரோடு. கோபத்தில் ஒரு பக்கம் சிரிப்பு. ஸ்டாப்பில் ஒரு மீன்காரம்மாவும், காலி அலுமினிய அன்னக்கூடையோடு. பூம்புகாருக்கு மீன் எடுக்கப் போகிறவர்.

பஸ் வரவில்லை. வராது. கொஞ்சம் தள்ளி விவசாயிகள் ரோட்டை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள், பெண்கள், காய்ந்த நாற்றுக் கட்டு, பச்சைத் துண்டு. இரண்டு பக்கமும் வண்டிகள் வரிசை.

இவர் நின்று பார்த்தார். பிறகு மஞ்சள் பையை மீன்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு நடந்துபோய் அவர்களோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். யாரும் கேட்கவில்லை. ஒரு அம்மா நகர்ந்து இடம் விட்டார். நிற்கும் பஸ்ஸின் கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு சின்ன வயசு டிரைவர் ஹாரன் அடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மாமியாரின் ஞாபகம். உட்காரும் விதம் அப்படியே அவர் அம்மாதான், ஒரு முழங்கால் உயர்த்தி, அதன் மேல் கை.

ஜூன் 24, மாலை, பூம்புகார் ரோடு

முதலில் இதை எழுதிவிடுகிறேன். சமையல் அப்புறம்.

மதியம் தாசில்தார் வந்தார். இந்தக் காலத்துத் தாசில்தார், ஒரு பெண். நாளைக்குள் மதகு திறக்கும் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தார். கூட்டம் எழுந்தது. இவரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு ஸ்டாப்புக்கு வந்தார். வந்த பஸ்ஸில் படிக்கட்டுவரை ஆள், நிற்கவே இல்லை. அடுத்ததும் அப்படித்தான்.

மீன்காரம்மா பொறுக்கவில்லை. ரோட்டைத் தாண்டி நேரே என்னிடம்.

"ஏம்மா, இது பூம்புகார் போவுமா?"

"போகும்."

கூடையோடும் மஞ்சள் பையோடும் ஏறிக் கதவோர சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பை போன பிறகு இவர் என்ன செய்வார்? வந்தார். டிரைவர் சீட்டில் நான். ஒரு நிமிஷம் என் பக்கக் கதவருகே நின்றார். பிறகு சுற்றி வந்து இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்ஜினைப் போட்டேன். க்ளட்ச், கியர். காத்திருந்தேன். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எடுக்கவில்லை. இவர் சொல்லாமல் எடுக்க மாட்டேன் என்று அந்த நேரத்தில்தான் எனக்கே தெரிந்தது.

பின்னாலிருந்து மீன்காரம்மா, "என்னா நிக்கிது? வழிதான் விட்டுட்டாவோளே. ரைட்டு, போலாம்!"

இவர் சடாரென்று திரும்பினார்.

"யாரும்மா அங்க ரைட் குடுக்குறது? இந்த வண்டியில நான்தான் குடுக்கணும்."

"அப்ப குடுங்களேன்."

இவர் தலையை முழுக்க இடதுபக்கம் திருப்பி எட்டிப் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ரைட்."

க்ளட்ச்சை மெல்ல விட்டேன். இன்ஜின் ஆஃப் ஆகவில்லை.