கேட்காமல் வைத்த நேர்த்தி

இன்று காலை தலையணைகளை வெயிலில் போட்டேன். உங்களுடையதைத் தட்டும்போது, நீங்கள் படுக்கும்போது பூசும் யூக்கலிப்டஸ் எண்ணெய் மணம் எழும்பியது. உறையை எத்தனை தரம் தோய்த்தும் பஞ்சுக்குள் இருக்கிற மணம் போகவில்லை. நாலு வருசம் இந்தத் தலையணை விறாந்தையில் கிடந்தது. அங்கே கிடக்கவைத்தவள் உங்கள் மனைவியான நான்தான். அதைப் பற்றி உங்களோடு ஒருநாளும் நேராகக் கதைக்கவில்லை. அதனால் இப்போது எழுதுகிறேன்.

அப்போது மகன் ஏஜென்சிக்காரனை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டு, இருபது நாளாகத் தொடர்பில்லாமல் இருந்தது. நீங்கள் வழக்கம்போல, ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குக் கடல் கடந்து ஆட்களை ஏற்றிப்போகும் மிதவைப் பாதையில் வேலைக்குப் போனீர்கள். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க உங்களுக்கு ஓர் இடமாவது இருந்தது. எனக்குக் குசினி அடுப்பும் கைத்தொலைபேசியும்தான். அந்தோனியார் கோயிலுக்கு ஓடினேன். மற்றவர்கள் மெழுகுதிரி நேர்வார்கள், பூசை நேர்வார்கள். எனக்கு அது போதாதென்று பட்டது. பிள்ளைக்குப் போய்ச்சேரும் நாட்டில் வதிவிட அனுமதி கிடைக்கும்வரை நாங்கள் இருவரும் அண்ணன் தங்கச்சியாக இருப்போம் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டு பேருக்குமாக ஒருத்தி கொடுத்த வாக்கு.

பின்னேரச் செபம் முடிந்ததும் உங்களிடம் சொன்னேன். நீங்கள் செபமாலையைச் சுற்றி வைத்தீர்கள்.

"என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே நீர்," என்றீர்கள்.

"அந்தோனியாரிட்டைச் சொல்லிப்போட்டன். இனி மாத்த ஏலாது."

"ஓம்," என்று சொல்லித் தலையணையை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனீர்கள்.

மூன்றாம் நாள் பிள்ளை அங்கிருந்து போன் எடுத்தான். உயிரோடு போய்ச் சேர்ந்திருந்தான். நேர்த்தி பலித்துவிட்டதென்று எனக்குத் தலைகால் தெரியவில்லை. அனுமதிக்கு வருசக்கணக்காகும் என்று யார் கண்டது? நீங்கள் என் வாக்கை என்னைவிட ஒழுங்காகக் காத்தீர்கள். தேத்தண்ணி தரும்போது விரல் பட்டால் கையை இழுத்துக்கொள்வீர்கள். அதைக் கோபமென்று எண்ணி நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரே வீட்டில் ஒரே செபத்தை மாறி மாறிச் சொல்லிக்கொண்டு இரண்டு பேர் இவ்வளவு தனியாக இருக்கமுடியும் என்று நான் அறிந்திருக்கவில்லை.

நாலாம் வருசம் மார்கழியில், நத்தாருக்கு முன், பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லி அழுதேன். எங்கள் பங்குக்குப் புதிதாக வந்த இளம் சுவாமியார், என் மகனின் வயதுதான் இருக்கும், பொறுமையாகக் கேட்டார்.

"கலியாணத்திலை உங்கட உடம்பு உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை அம்மா. அவரின்ரை உடம்பும் அப்பிடித்தான். செபத்துக்காக விலகி இருக்கிறதெண்டாலும் ரெண்டு பேரும் சம்மதிக்கவேணும், அதுவும் கொஞ்சக் காலத்துக்குத்தான். இந்த நேர்த்தி உங்களைக் கட்டாது. வீட்டை போய் அவரிட்டைச் சொல்லுங்கோ."

வெட்கமாக இருந்தது. தலை நரைத்த பிறகு "உள்ளை வாங்கோ" என்று எந்த முகத்தோடு கூப்பிடுவது? நத்தார் வேலைகள் முடியட்டும் என்றிருந்தேன். பிறகு தவக்காலம் வந்தது. தவக்காலத்திலா இதைத் தொடங்குவது, உயிர்ப்பு ஞாயிறு வரட்டும் என்று நினைத்தேன். அதற்கு நாலு நாள் முந்தி, பெரிய புதன்கிழமை மத்தியானம், இறங்குதுறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திய நீங்கள் எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு, உங்களோடு பாதையில் வேலைசெய்த தம்பி வந்தார். சாப்பிட்டு முடிந்து, கதையோடு கதையாகச் சொன்னார்.

"அண்ணை முதல் வருசமே, பாதையிலை வந்த பழைய சுவாமியிட்டை ஏதோ ஒரு நேர்த்தியைப் பற்றிக் கேட்டவர். அது கட்டாது எண்டு சுவாமி சொன்னவர். பிறகேன் அக்காவிட்டைச் சொல்லேல்லை எண்டு நான் கேட்டனான். 'சொல்லிப்போட்டுப் பிள்ளைக்கு ஏதும் நடந்தா, அவ தன்னைத்தான் குற்றம் சொல்லுவா. அவவின்ரை பயம் தெளியட்டும். அவவாக் கூப்பிடட்டும்' எண்டவர்."

எனக்கு முதலில் உங்கள்மேல் கோபம்தான் வந்தது. நீங்களும் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பிறகு, நீங்கள் என் குரலுக்காகக் காத்திருந்த அந்த விறாந்தையில் போய் இருந்தேன்.

போன மாதம் பிள்ளைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. "உங்கட நேர்த்தியை அந்தோனியார் கேட்டிட்டார் அம்மா. என்ன குடுக்கவேணும்? சொல்லுங்கோ, அனுப்பிறன்," என்றான்.

"எல்லாம் குடுத்து முடிஞ்சுது, ராசா," என்றேன்.

போன ஞாயிறு, கலியாணத்துக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளோடு கதைக்கச் சொல்லி அந்த இளம் சுவாமியார் கேட்டார். மூன்று சோடிகள் இருந்தார்கள். குடும்பச் செபத்தைப் பற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஒருவரைக் கேட்காமல் அவருக்காக மற்றவர் கடவுளிடம்கூட வாக்குக் கொடுக்கவேண்டாம் என்றேன். பக்கத்தில் வரச்சொல்ல மனம் வந்தால் அன்றைக்கே கூப்பிடச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை குனிந்த தலையோடு, "வெக்கமா இருந்தா, ஆன்ரி?" என்று கேட்டாள்.

"நீர் வெக்கத்தோடையே கூப்பிடும், பிள்ளை."

அவளுக்கு அதைச் சுலபமாகச் சொல்லிவிட்டேன். உங்களைக் கூப்பிட வைத்திருந்த "உள்ளை வாங்கோ" என்ற அந்த இரண்டு சொற்கள் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இந்த உலகத்தில் வேறு ஒருவருக்கும் அவற்றைச் சொல்ல முடியாது.