கை சும்மாத்தானே இருக்கு

போடிநாயக்கனூர்
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சானுக்கு மெஹ்ராஜ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் நம்ம மக ஹுஸ்னாவும் அல்லாஹ் கிருபையில் சுகமா இருக்கோம். நீங்களும் அங்கே அப்படியே இருக்க துஆ செய்றேன். வெயில் மண்டையைப் பிளக்குது. சாயங்காலம் ஆனா மெட்டுப் பக்கம் மேகம் கூடுது, மழையை மலையிலேயே கொட்டித் தீர்த்துட்டு நமக்கு வெறும் காத்தை அனுப்புது. ஃபஹீம் லீவு முடிஞ்சு துபாய்க்குக் கிளம்புறான். அவன் கையில மாவடு ஜாடி கொடுத்துவிட்டிருக்கேன். வந்ததும் வேற பாத்திரத்துக்கு மாத்துங்க, இல்லன்னா பொங்கிடும். ஜாடியோடதான் இந்தக் கடிதமும் வருது.

போன் இருக்கும்போது இவ எதுக்குக் காகிதத்தைத் தூக்கிட்டு வர்றான்னு நினைப்பீங்க. நீங்க ஸ்பீக்கரைப் போட்டுட்டு, கடையில இருக்குற அத்தனை பேருக்கும் நடுவுல பேசுறீங்க. நான் விஷயத்தைத் தொட்டதும் கஸ்டமர் வந்துட்டாங்க, அப்புறம் பேசுறேன்னு வச்சிடுறீங்க. அந்த அப்புறம் இதுவரைக்கும் வரலை. காகிதத்தை நடுவுல கட் பண்ண முடியாது பாருங்க, அதான் எழுதுறேன்.

போன வாரம் ஸ்டேட்டஸ்ல ஒரு போட்டோ வச்சீங்களே, "எங்கள் ஏலக்காய் கிட்டங்கியில் கோடை வாசிப்பு"ன்னு, அதைப் பத்தித்தான். ஜமாஅத் ஆளுகள்லருந்து கம்பம் மாமா வரைக்கும் மாஷா அல்லாஹ் போட்டாங்க. அந்தப் போட்டோ எடுக்கும்போது நான் வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தேன். உங்க தம்பி சாதிக் எடுக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைகளைப் பாத்து, காய் பொறுக்குற சொளகை எல்லாம் முதுகுக்குப் பின்னாடி தள்ளுங்கன்னு சொன்னாப்ல. அதுகளும் சிரிச்சுக்கிட்டே தள்ளுச்சுக. நீங்க பாத்தது மேல்பாதி. கீழ்பாதியை நான் சொல்றேன்.

சித்திரை பிறந்ததும் என் பள்ளிக்கூடத்துச் சினேகிதி சுசித்ரா வீட்டுக்கு வந்ததை அப்பவே சொன்னேன். அவ சிலமலையில தொடக்கப்பள்ளி டீச்சர். லீவுல பிள்ளைக புத்தகத்தைத் தொடுறதே இல்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கிற புள்ள ஜூன்ல வரும்போது எழுத்தையே மறந்துட்டு வருது, ஒரு ரூமும் ஒரு ஃபேனும் இருந்தாப் போதும், ஸ்கூல்ல இருக்குற கதைப் புத்தகத்தை நான் தர்றேன்னு சொன்னா. நம்ம கிட்டங்கியில காய் பொறுக்குற பொம்பளைகள்ல பாதிப்பேரு சிலமலைதான். அவுக பிள்ளைக காலையில அவுக கூடவே பஸ்சுல வந்து முன் ரூம்ல இருந்து படிக்கட்டும்னு எனக்குத் தோணுச்சு. உங்களைக் கேட்டேன். செய், நன்மைதானேன்னு சொன்னீங்க. அந்த வார்த்தையை நான் இன்னும் விடலை.

நானும் சுசித்ராவும் அவ ஸ்கூட்டர்ல சிலமலைக்குப் போயி வீடு வீடாக் கேட்டோம். அய்யம்மாள் மட்டும் யோசிச்சா. அவ வீட்டுக்காரர் சுருளிக்கு மலையில எஸ்டேட் காவல் வேலை. அவ மக கார்முகில் வருசா வருசம் லீவு விட்டதும் ஜீப்புல ஏறி அப்பன்கிட்டப் போயிரும். அங்கே ஓடை, பலாப்பழம், குளிரு, கேக்க ஆளில்லாத விளையாட்டு. அதை எப்படிக்கா தடுக்கிறதுன்னு கேட்டா. நான்தான், என்னை நம்பி அனுப்பு அய்யம்மா, ஜூன்ல உன் மக தடவாம வாசிக்கும்னு சொன்னேன். அந்தப் புள்ள இந்த வருசம் மலைக்குப் போகலை.

முதல்ல எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. பிள்ளைக சத்தமா வாசிக்கும். தடுப்புக்கு அந்தப்பக்கம் காய் பொறுக்கிக்கிட்டிருக்கிற தாய்மாருக்குக் காது முழுக்க இங்கேதான். பல்லு விழுந்த யானைக் கதையைக் கார்முகில் படிச்சப்போ உள்ளே அப்படி ஒரு சிரிப்பு. அய்யம்மாள் எந்திரிச்சு வந்து, இது என் மக குரலான்னு எட்டிப் பாத்துட்டுப் போனா. அவளுக்குத் தன் பேரு எழுதக்கூடத் தெரியாது. எனக்கு அன்னிக்கு நோன்புப் பெருநாள் மாதிரி இருந்துச்சு மச்சான்.

அந்தச் சிரிப்புதான் உங்க தம்பி காதுல விழுந்துச்சு. பிள்ளைகளை உள்ளேயே உக்கார வைங்க மதினி, தாய்மாரும் கேட்டுக்கிட்டே பொறுக்கட்டும்னு சொன்னாப்ல. எனக்கும் அது நல்ல யோசனையாத் தெரிஞ்சுச்சு. உள்ளே போச்சுக. ஒண்ணு படிக்கும், மத்ததுக தாய் மடியில சாஞ்சு கேக்கும். சும்மா சாஞ்சிருக்கிற புள்ளைகிட்ட, இந்தா வெடிச்ச காயைத் தனியா எடுத்துப் போடுன்னு ஒருத்தி ஒரு கை அள்ளிப் போட்டா. அடுத்த சந்தையில உங்க தம்பி சின்னச் சின்னச் சொளகா வாங்கிட்டு வந்துட்டாப்ல. பாக்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்துச்சு. பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோசம்.

இது என்ன தம்பின்னு கேட்டேன். "ஒரு புள்ள படிச்சாப் போதும் மதினி. மத்ததுகளுக்குக் காதுதானே வேணும்? கை சும்மாத்தானே இருக்கு"ன்னு சொன்னாப்ல.

அதோட நிக்கலை. எந்தப் புள்ளைக்குக் கை மந்தமோ அதைத்தான் இப்போ படிக்கச் சொல்றாங்க. கை வேகமான புள்ள பொறுக்கணும். புத்தகம் கைக்கு வந்தா நீ மந்தம்னு அர்த்தம் ஆயிருச்சு. போன வாரம் ஒரு சின்னப்பய, படிக்கச் சொன்னதுக்கு, நான் நல்லாப் பொறுக்குவேன்னு தேம்பித் தேம்பி அழுதான். கார்முகிலுக்குக் கண்ணும் கூர்மை, விரலும் வேகம். கறுத்த காய், பூச்சி துளைச்ச காய் எதுவும் அதுகிட்டத் தப்பாது. அந்தப் புள்ள யானைக் கதைக்கு அப்புறம் புத்தகத்தைத் தொடவே இல்லை. தூசியில கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு.

வெள்ளிக்கிழமை சுசித்ரா வந்தா. நான் தடுக்கிறதுக்குள்ளே உள்ளே போயிட்டா. கார்முகில்கிட்டப் புத்தகத்தை நீட்டி, எங்கே ஒரு பக்கம் வாசின்னு கேட்டா. அது நிமிர்ந்துகூடப் பாக்கலை. "நான் படிக்க மாட்டேன் டீச்சர். நான் வெரசாப் பொறுக்குவேன்"னு சொல்லுச்சு. சொல்லும்போது அது முகத்துல இருந்த பெருமையை நான் என்னன்னு எழுதுவேன்?

சுசித்ரா புத்தகத்தை எல்லாம் சாக்குல திரும்ப அள்ளிக் கட்டினா. ஒரு ரூமும் ஒரு ஃபேனும்தானே கேட்டேன் மெஹ்ராஜ்னு சொன்னா. ஆபீசருக்குப் புகார் எழுதப் போறேன்னா. என் வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன், ஸ்கூல் திறக்கிறவரைக்கும் பொறுன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன். உங்க பேருக்காகத்தான் கேட்டேன்.

உங்க தம்பிகிட்டச் சண்டை போட்டாச்சு. கிட்டங்கி விவகாரத்துல அண்ணன் சொல்லட்டும் மதினின்னு ஒரே பேச்சு. அதைவிட மோசம், ஸ்கூல் திறந்தப்புறமும், மழை முடிஞ்சு புதுக்காய் இறங்கும்போதும் கார்முகில் முழுநாளும் வரட்டும்னு அய்யம்மாள்கிட்டச் சொல்லி வச்சிருக்கு. அவளும் தலையை ஆட்டியிருக்கா. ஸ்கூல் திறந்தா அந்தப் புள்ள போகாது மச்சான். நான் வீடு தேடிப் போயிக் கூட்டிட்டு வந்த புள்ள.

நீங்க ஒருத்தர் சொன்னாத்தான் சாதிக் கேக்கும். கிட்டங்கிக்குள்ள எந்தப் புள்ள கையிலயும் சொளகு இருக்கக்கூடாதுன்னு ஒரு வார்த்தை. ஸ்கூல் திறக்கிறதுக்குள்ளே சொல்லிடுங்க. வேற எதுவும் உங்ககிட்டக் கேக்கலை, இந்தப் பெருநாளைக்குப் புடவைகூட வேண்டாம்.

ஹுஸ்னா அத்தாவுக்கு சலாம் சொல்லச் சொன்னா.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
மெஹ்ராஜ்


போடிநாயக்கனூர்
ஜூன் மாதம், வியாழக்கிழமை

ஹபீப் ரஹ்மான் அவர்களுக்கு மெஹ்ராஜ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்க ஆள்கிட்டக் கொடுத்துவிட்ட பெட்டி வந்து சேர்ந்துச்சு. வழவழன்னு இங்கிலீஷ் கதைப் புத்தகம், எல்லாத்துலயும் பனி பெய்யுது. சிலமலைப் பிள்ளைக இங்கிலீஷை எழுத்துக் கூட்டுறதே கஷ்டம். உங்க தம்பி அதைக் கண்ணாடி அலமாரியில அடுக்கிப் பூட்டி வச்சிருக்காப்ல, காய்த் தூசி பட்டு அழுக்காயிரக் கூடாதாம்.

நீங்க சாதிக்குக்கு அனுப்பின வாய்ஸ் மெசேஜையும் கேட்டேன். சாதிக்கே போட்டுக் காட்டுச்சு. மதினி மனசு நோகாமப் பாத்துக்கடான்னு சொல்லியிருக்கீங்க. சொளகுங்கிற வார்த்தை அதுல எங்கேயும் இல்லை. அதுக்காகத் திரும்பத் திரும்பக் கேட்டேன். என் மனசு நோகாம இருக்க உங்க தம்பி என்ன செஞ்சாப்ல தெரியுமா? கிட்டங்கி வாசல்ல ஃப்ளெக்ஸ் அடிச்சு மாட்டியிருக்கு. மெஹ்ராஜ் வாசிப்பு முகாம். ஆபீசர் யாராச்சும் வந்து கேட்டா அதைத்தான் காட்டுமாம். என் பேருக்குக் கீழே உக்காந்துதான் அதுக பொறுக்குதுக.

திங்கட்கிழமை ஸ்கூல் திறந்தாச்சு. ஹுஸ்னா புதுப் பையோட போனா. சிலமலைப் பிள்ளைகளும் பாதிக்கு மேல போயிருச்சுக, அல்ஹம்துலில்லாஹ். மிச்சம் கிட்டங்கியில இருந்துச்சுக. கார்முகில் முன்வரிசையில.

அய்யம்மாளைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன், ஏன் புள்ளையை அனுப்பலைன்னு. அவ என் மூஞ்சியை நேராப் பாத்து, "அங்கயும் புத்தகந்தான், இங்கயும் புத்தகந்தான்னு நீங்கதானக்கா வீடு தேடி வந்தீங்க? நானா அனுப்புறேன்னேன்?"னு கேட்டா. கோபமாக் கேட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அவ நிஜமாவே புரியாமக் கேட்டா. சுருளி வேற மலையில ஜீப்புல இருந்து விழுந்து கால் வீங்கிப் படுத்திருக்காராம். கூலி எடைக்குத்தான், புள்ள பொறுக்குறதும் தன் எடையில சேருதுன்னா, அது உள்ளதுதானே.

ரெண்டு நாள் உங்க போனுக்காகப் பாத்தேன். வந்துச்சு. மாவடு உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னீங்க.

புதன்கிழமை நான் செஞ்சதை உங்களுக்கு வேற யாராச்சும் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். இந்நேரம் கம்பம் மாமா போன் போட்டிருப்பாரு. அவரு சொன்னது அத்தனையும் உண்மை.

காலையில முக்காட்டைப் போட்டுக்கிட்டுப் பின்வாசல் வழியாக் கிட்டங்கிக்குள்ள போனேன். முன் ரூமைத் தாண்டி நம்ம வீட்டுப் பொம்பளைக யாரும் மிதிச்சிராத இடம், தெரியும். கார்முகில் கையில இருந்த சொளகை வாங்கி என் மடியில வச்சுக்கிட்டு அது இடத்துல உக்காந்தேன். அய்யம்மாகிட்டச் சொன்னேன், உன் மகளை ஸ்கூலுக்கு அனுப்பு, அது பொறுக்குறதை நான் பொறுக்குறேன், எல்லாம் உன் எடையிலயே சேரட்டும்னு. அவ நன்றி சொல்லலை. எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்கக்கான்னு சத்தம் போட்டா. பத்து மணி பஸ்சுலதான் புள்ளையை அனுப்பினா, அதுவும் மத்த பொம்பளைக சொன்னதுக்கு அப்புறம். கார்முகில் என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலை. அதுக்கு இருந்த ஒரே பெருமையை நான் பிடுங்கிட்டேன்னு அதுக்குக் கோபம். இருக்கட்டும், கோபத்தோடயே போயி வாசிக்கட்டும்.

நான் உக்காந்ததுல இருந்து அங்கே பேச்சும் இல்லை, சிரிப்பும் இல்லை. என் விரலும் ஓடலை, நல்ல காயையும் சேத்துத் தள்ளிடுறேன்னு பக்கத்துல இருக்கிறவ திரும்பப் பொறுக்குறா. கண்ணுல தூசி. இதைத்தான் அந்தப் பிள்ளைக லீவு முழுக்கக் கண்ணுல வாங்கியிருக்குதுக.

உங்க தம்பி வந்து நின்னுச்சு. மூஞ்சி வெளிறிப் போச்சு. எந்திரிங்க மதினி, வியாபாரிக வர்ற நேரம், நாலு பேரு பாத்தா அண்ணன் மானம் என்னாகிறதுன்னு கெஞ்சுச்சு.

"கை சும்மாத்தானே இருக்கு தம்பி"ன்னு சொன்னேன்.

இன்னிக்கும் போனேன், நாளைக்கு ஜும்ஆ, அன்னிக்கும் போவேன். இன்னும் சில பிள்ளைக அங்கே இருக்குதுக. எனக்கு ஒரு மடிதான் இருக்கு, ஒரு சொளகுதான் கொள்ளும். மிச்சத்துக்கு நீங்க வாயைத் திறக்கணும். சுசித்ராகிட்ட இனிமே பொறுன்னு நான் சொல்லப்போறதில்லை. அவ எழுதுறதை எழுதட்டும். அந்த ஃப்ளெக்ஸுல இருக்கிறது என் பேருதான், கேட்டா நான்தான் பதில் சொல்லணும், சொல்றேன்.

ஹுஸ்னாவுக்கு எல்லாம் தெரியும். நேத்து சாயங்காலம் என் கண்ணுல தண்ணி ஊத்திக் கழுவிவிட்டா. அத்தா எப்போம்மா சாதிக் சாச்சாகிட்டச் சொல்லுவாங்கன்னு கேட்டா. தெரியலைன்னு சொன்னேன். உங்க மககிட்ட உங்களைப் பத்தி நான் அப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும், வியாபாரத்துல பரக்கத்தையும், தம்பிகிட்டப் பேச ஒரு நாக்கையும் கொடுக்கட்டும். தம்பிகிட்டப் பேசி முடிக்கிற வரைக்கும் எனக்குப் போன் பண்ண வேண்டாம். பண்ணினாலும் எடுக்க முடியாது, கை சோலியா இருக்கும்.

இப்படிக்கு
மெஹ்ராஜ்