ஏழு பேர் ஏறினாலும்

நவம்பர் 3, திங்கள்

ஒரகடம் சந்திப்பில் மழைநீர் தேங்கியதால் அலுவலகம் சேரத் தாமதம். எனக்கு முன்னால் பெரிய வண்டிகளாகவே நின்றன. பெரும்பாலானவற்றில் ஓட்டுபவரைத் தவிர ஆள் இல்லை.

மேசைமீது புதிய விளம்பரத்தின் நகல். எங்கள் ஏழு இருக்கை வண்டி, பக்கத்தில் சிரிக்கும் குடும்பம், கீழே கொட்டை எழுத்தில்: "ஏழு பேர் ஏறினாலும் லிட்டருக்குப் பத்தொன்பது." சட்டப் பிரிவின் ஒப்புதலின்றி எந்த விளம்பரமும் வெளியே போகாது. அதாவது, என் கையெழுத்தின்றி.

வண்டியில் ஏழு பேர் ஏறலாம் என்பது உண்மை. சோதனைக்கூடத்தில் லிட்டருக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் கிடைத்ததும் உண்மை. ஆனால் அந்தச் சோதனை உருளைகள்மீது, இரண்டு ஆள் எடையோடு, ஏசி போடாமல் நடந்தது. இரண்டு உண்மைகளை முடிச்சுப் போட்டால் மூன்றாவது உண்மை பிறந்துவிடாது.

விற்பனைப் பிரிவுத் தலைவர் ராஜசேகரிடம் இதைச் சொன்னேன். "சார், ஒரு ஸ்டார் போட்டு அடியில ஒரு லைன் எழுதிடுங்க. உங்களுக்கும் சேஃப், எங்களுக்கும் சேஃப்" என்றார்.

நவம்பர் 5, புதன்

அடிக்குறிப்பை எழுதி ஒப்பமிட்டேன். "நிர்ணயிக்கப்பட்ட சோதனை நிலைமைகளில் பெறப்பட்ட அளவு, பயன்பாட்டைப் பொறுத்து மாறுபடலாம்." குறை காண இயலாத வாக்கியம்.

நவம்பர் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்து, குன்றத்தூரில் தங்கை ஜாஸ்மின் வீட்டில் மதிய உணவு. அவள் கணவர் ஜெபதாஸ், பழைய வேன் ஒன்றை வைத்துத் தொழிற்சாலை ஆட்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குபவர். கிலோமீட்டர் கணக்கில் வாடகை; டீசல் அவர் பாடு. வேனை விற்றுவிட்டு எங்கள் ஏழு இருக்கை வண்டியை மஞ்சள் போர்டில் எடுக்கப் போகிறாராம். "ஷிப்டுக்கும் ஆச்சு, குடும்பத்துக்கும் ஆச்சு."

என் மனைவி எழிலரசிக்குப் பெரிய வண்டிகள் என்றாலே ஆகாது. "ஒரு ஆளு ஆபீஸ் போறதுக்கு இம்மாம் பெரிய வண்டி. டீசலை ஒருத்தன் ஊத்திக்கிறான், புகைய ஊரே குடிக்குது" என்றாள்.

"நான் இன்னா ஒண்டியாவா போவப் போறேன்க்கா? ஏழு பேரு குந்திக்கினு போனா தலைக்கு எவ்ளோ ஆவுது, அத்த பாருங்க. ரெண்டு சின்ன வண்டி ஓடுற எடத்துல ஒரு பெரிய வண்டி ஓடட்டுமே."

"ஏழு பேரு தினமும் ஏறுவாங்களா?"

"ஷிப்டு வண்டிக்கா! எட்டாவது ஆளு டிக்கில குந்துறேன்னு நிப்பான்."

எல்லோரும் சிரித்தோம். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. முழுச் சுமையோடு வண்டி எவ்வளவு கொடுக்கும் என்பதே தீர்ப்பின் திறவுகோல். அந்தக் கூட்டத்தில் அது தெரிந்தவன் நான் ஒருவன். எங்கள் ஓட்டுநர்கள் ஏழு ஆள் எடையேற்றிச் சாலையில் ஓட்டிப் பார்த்த அறிக்கையைப் படித்திருக்கிறேன். பன்னிரண்டைத் தொடவில்லை.

ஜெபதாஸ் என் பக்கம் திரும்பினார். "மச்சான், உங்க கம்பெனி வண்டி. ஷோரூம்ல பத்தொம்போதுன்றான். நீங்க சொன்னா கண்ண மூடிக்கினு எடுப்பேன். குடுக்குமா?"

"சோதனையில அந்த அளவு வந்திருக்கு மாப்ள. ஓட்டுறத பொறுத்து மாறும்."

"அது போதும் மச்சான்!" என்று என் தோளில் தட்டினார்.

நவம்பர் 10, திங்கள்

நான் பொய் சொல்லவில்லை.

கேட்டவருக்குப் பதில் சொன்னேனா?

நவம்பர் 14, வெள்ளி

ஜாஸ்மின் தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணே, வண்டி புக் பண்ணிட்டாரு. வேனுக்கும் ஆள் பேசியாச்சு, அடுத்த ஞாயித்துக்கெழம எடுத்துக்கினு போறாங்க. கூட ரெண்டு எடத்துல விசாரிங்கன்னேன். 'உங்க அண்ணனே சொல்லிட்டாரு, இன்னொருத்தன எதுக்கு கேக்கணும்'னுட்டாரு."

நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். எது நல்லது?

நிறுவனத்தின் அகச் சோதனை அறிக்கைகளைக் குடும்பத்தாரிடமும் வெளியிடக் கூடாது என்பது பணி ஒப்பந்தத்தின் ஷரத்து. "குடும்பத்தாரிடமும்" என்ற சொல்லைச் சேர்த்தவனே நான்தான்.

நவம்பர் 17, திங்கள்

விளம்பரத்திலிருந்து "ஏழு பேர்" என்பதை நீக்கும்படி ராஜசேகரிடம் கேட்டேன். "ஏழு பேரை எடுத்துட்டா அப்புறம் எதுக்கு சார் ஏழு சீட்டு? நீங்கதான சைன் பண்ணீங்க?" என்று சிரித்தார். நான்தான்.

வேறு வழி ஒன்று தோன்றுகிறது. அறிக்கையைச் சொல்லத்தான் தடை. எவரும் சாலையில் ஓட்டிப் பார்த்து அறியக்கூடியதை அறியச் செய்வதற்குத் தடையில்லை.

நவம்பர் 22, சனி

ஷோரூமில் சோதனை வண்டியை அரை நாளுக்குக் கேட்டு வாங்கினேன். நாங்கள் இருவர், ஜெபதாஸ், ஜாஸ்மின், கல்லூரி செல்லும் அவர்கள் பிள்ளைகள் மூவர். ஆக ஏழு பேர். "காஞ்சிபுரம் போய்ச் சாப்பிட்டு வருவோம்" என்றேன். ஒரகடம் பங்கில் டேங்க்கை விளிம்புவரை நிரப்பச் சொன்னேன். ஜெபதாஸ் வியந்தார்: "மச்சான் செலவுன்னா சும்மாவா!"

வாலாஜாபாத் தாண்டும்வரை ஒரே கூச்சல். பின் வரிசையில் முழங்கால் மோவாயில் இடிக்கிறது என்று பிள்ளைகள். ஏசியைக் கூட்டச் சொல்லி ஜாஸ்மின். "அம்மா, இது ஏரோபிளேன் இல்ல, சீட்ட பின்னாடி தள்ளாத!" ஜெபதாஸ் ஸ்டியரிங்கைத் தடவித் தடவி ஓட்டினார். அப்படி ஒரு மகிழ்ச்சியை அவர் முகத்தில் நான் கண்டதில்லை. காஞ்சிபுரத்தில் சாப்பாட்டுக்கு நானே பணம் கொடுத்தேன்.

திரும்பி வந்து அதே பங்கில், அதே குழாயில், மறுபடி விளிம்புவரை நிரப்பச் சொன்னேன். அப்போதுதான் ஜெபதாஸ் பேச்சை நிறுத்தினார். ஓடிய தூரத்தைப் பார்த்தார், ஊற்றிய டீசலைப் பார்த்தார், மனத்துக்குள் வகுத்தார்.

"பன்னண்டு கூட வரல."

நான் டீசலுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மச்சான்?"

"அத சொல்ற நெலமைல நான் இல்ல, மாப்ள."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "'வாணாம்டா'ன்னு ஒரு வார்த்த. அதுக்கு வாய் வரல உங்களுக்கு. புள்ளைங்கள மூட்ட மாதிரி ஏத்தி, சோறு வாங்கிக் குடுத்து, கோர்ட்டுல காட்டுற மாதிரி காட்றீங்க."

ஜாஸ்மின் என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியை ஷோரூமில் விட்டோம்.

நவம்பர் 23, ஞாயிறு

புக்கிங்கை ரத்து செய்துவிட்டார். வேனை வாங்க வந்தவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டார். ஜாஸ்மின் இதை எழிலரசியிடம் சொன்னாள், என்னிடம் அல்ல.

"அவருக்கு நல்லதுதான செஞ்சேன்?" என்று எழிலரசியிடம் கேட்டேன்.

"செஞ்சீங்க. ஆனா உங்க மேல ஒரு கீறல் விழாம செஞ்சீங்க."

நவம்பர் 30, ஞாயிறு

ஆலயத்தில் அவர்கள் வேறு வரிசையில் அமர்ந்தார்கள்.

டிசம்பர் 5, வெள்ளி

சந்திப்பில் விளம்பரப் பலகை ஏறிவிட்டது. ஏழு பேரும் பத்தொன்பதும் பாலத்தின் மேலிருந்தே தெரிகின்றன. என் வாக்கியத்தைத் தேடினேன். காரை ஓரமாக நிறுத்தி, இறங்கி, பலகையின் கம்பத்தடியில் நின்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

படிக்க முடியவில்லை.

டிசம்பர் 8, திங்கள்

ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். "போர்டு ஏறின அப்புறமா? என்ன சார் ஆச்சு உங்களுக்கு?" என்றார் ராஜசேகர். மேலிடத்தில் பேசுவாராம். பேசட்டும்.

பலகை அப்படியேதான் நிற்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

ஆண்டுதோறும் ஜாஸ்மின் வீட்டு மாடியில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட ஏணி பிடிப்பவன் நான். இவ்வாண்டு அழைப்பு வராது என்றிருந்தேன். மாலையில் ஜெபதாஸே அழைத்தார்: "வரீங்களா?" அவ்வளவுதான்.

போனேன். அவர் ஏணியில், நான் கீழே. ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டார்:

"நம்ம கூட ஷிப்டு வண்டி ஓட்டுறானே எல்லப்பன், அவன் உங்க கம்பெனி வண்டிய எடுக்கப் போறானாம். போர்ட பாத்துட்டு ஒரே ஆட்டம். உன் மச்சான கேட்டு சொல்லுன்றான். இன்னா சொல்ட்டும்?"

எல்லப்பன் எனக்கு உறவல்ல. நாளை எவரிடமும் என் பெயரைச் சொல்லிவிடக்கூடியவர். ஷரத்து நினைவுக்கு வந்தது, அதன் எண்ணோடு.

"வேணாம்னு சொல்லு" என்றேன். "ஏழு பேரை ஏத்தினா பன்னெண்டு கூட வராது. நான் சொன்னேன்னே சொல்லு."

ஒயர் சுற்றிய கை ஒரு கணம் நின்றது. அவர் கீழே பார்க்கவில்லை.

"ஏணிய நல்லா புடிங்க மச்சான்," என்றார், "ஆடுது."