தீர்ந்த பிறகும் திறந்திருந்த கேள்வி

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. நான் நல்லா இருக்கேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தா முறைச்சுக்குது, நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும்.

கடையில என்கூடத் தைச்ச அக்கா, தன் மகன் வீட்டோட போயிட்டாங்க, இப்ப நானும் எம்பிராய்டரி மெஷினும்தான், அது கடகடன்னு பேசும், நான் கேட்டுக்கிட்டிருப்பேன். போன மாசம் அதுவும் வாயை மூடிக்கிச்சு. ஆஸ்பத்திரிச் சட்டைங்களுக்குப் பேர் தைக்கிற ஆர்டர் கையில இருக்கு, டிசைனை ஏத்தின புது பென்டிரைவை மெஷின்ல சொருகினா படிக்க முடியலைன்னு திரையில வருது. நான் டிசைன் போடற இலவச மென்பொருளுக்கு இணையத்துல ஒரு குழு இருக்கு, அங்க போய் அவசரம், மெஷின் ஓடலை, உடனே சொல்லுங்கன்னு ஒரே கேள்வியை மூணு இடத்துல போட்டேன். ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. சாயங்காலம் குட்டி ஆந்தைன்னு பட்டப்பேர் வச்சுக்கிட்ட ஒரு பொண்ணு வந்து, ஒரு இடத்துல கேட்டாப் போதும், எந்த மெஷின், திரையில என்ன வருது, நீங்க என்னென்ன செஞ்சு பார்த்தீங்கன்னு சொன்னாத்தானே தெரியும், நாங்க எல்லாரும் அவங்கவங்க வேலை முடிச்சுட்டுத்தான் இங்க வர்றோம்னு எழுதியிருந்தா. எனக்குச் சுருக்குன்னு ஆச்சு. அப்புறம் யோசிச்சேன், டாக்டர்கிட்டப் போய் வலிக்குதுன்னு மட்டும் கத்தினா அவர்தான் என்ன பண்ணுவார், அதுவும் இவங்க காசு வாங்காத டாக்டருங்க. மன்னிப்புக் கேட்டு, எல்லாத்தையும் வரிசையா எழுதினேன். பழைய மெஷின் பெரிய பென்டிரைவைப் படிக்காது, கொள்ளளவு கம்மியா ஒண்ணு போட்டுப் பாருங்கன்னா. போட்டேன், ஓடிச்சு.

ஓடிச்சுன்னு உடனே சொல்லியிருக்கணும். சொல்லலை. தீர்ந்துடுச்சுன்னா அந்தப் பக்கத்தை மூடிடுவாங்க, அப்புறம் இன்னிக்கு எப்படி இருக்குன்னு என்னை யார் கேட்பா? இன்னும் பார்த்துக்கிட்டிருக்கேன்னே எழுதினேன், அவளும் தினம் வந்து கேட்டா. அவ நர்ஸாம். லீவு நாள்ல தன் அக்கா வீட்டுக்குப் போய், அங்க இருக்கிற பழைய எம்பிராய்டரி மெஷின்ல என் கோளாறுக்கு ஒவ்வொரு வழியா சோதிச்சு நீளமா எழுதியிருந்தா. அதைப் படிச்சதும் எனக்குச் சோறு இறங்கலை. உண்மையைச் சொல்லிட்டேன், முதல் நாளே சரியாயிடுச்சு, பேச ஆளில்லாமத்தான் இழுத்தேன்னு.

திட்டுவான்னு பார்த்தேன். திட்டலை, இப்படி எழுதினா, "தீர்ந்ததுன்னு போட்டுடுங்கம்மா, இதே கோளாறோட வர்றவங்களுக்கு உதவும். பேசணும்னா அரட்டைப் பக்கம் தனியா இருக்கு, அங்க வாங்க. ஆனா என் லீவு நாள் போச்சே." அந்தக் கடைசி வரி இன்னும் குத்துது. தீர்ந்ததுன்னு போட்டுட்டேன். அரட்டைப் பக்கம் போக இன்னும் கூச்சமா இருக்கு.

நீயும் எங்கயாவது உதவி கேட்டா, விவரமாக் கேளு, கிடைச்சதும் நன்றி சொல்லி முடிச்சுடு, அடுத்தவங்க நேரம் நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணி இல்லை. உன்கிட்டயும் நான் இதைத்தான் செய்யறேன்னு அப்புறம்தான் உறைச்சுது. சும்மா கூப்பிட்டா வேலைக்கு இடைஞ்சலாயிடுமேன்னு, வைஃபை வரலை, போன்ல எழுத்து சின்னதாயிடுச்சுன்னு எதையாவது கிளப்புவேன். நீயும் பொறுமையாச் சொல்லித் தருவே, சரியானதும் போனை வச்சுடுவே.

நீங்க ரெண்டு பேரும் ஒரு குறையும் இல்லாம நிறைஞ்சு வாழணும். வெளிய குளிர்ல போறப்போ காதை மூடிக்கிட்டுப் போ. இங்க எதுவும் கெட்டுப்போகலை, எல்லாம் ஓடுது. ஆனாலும் ஞாயித்துக்கிழமை கூப்பிடு.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற
அம்மா