வலி நின்ற பல்

கண்ணு,

நீ குழந்தையை என்னிடம் நீட்டியபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேனே, அது நீயாகப் பார்த்துக் கட்டிக்கொண்டாய் என்ற கோபம் இல்லை. போனில் சொல்ல நாக்கு எழவில்லை, எழுதுகிறேன்.

என் வாய் நாறியது. மேல் கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஈறில் கொப்புளம் உடைந்து சீழ் வந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க அடுத்தவன் முகத்தருகே குனிந்து சவரம் செய்கிறவன் நான். கடையில் மாஸ்க் போட்டுக்கொண்டு, தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று புளுகினேன். பேத்தி முன்னால் மாஸ்க்கோடு நிற்க மனம் வரவில்லை. மூச்சு அவள்மேல் படக்கூடாதென்று திரும்பிக்கொண்டேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

நேற்று கன்னம் வீங்கிக் கண்ணே மூடிவிட்டது. உன் அம்மா பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும்.

"வேர் நுனியில சீழ் கட்டியிருக்குங்க. வலிக்கவே இல்லையா?"

"மொதல்ல உயிர் போற மாதிரி வலிச்சுதும்மா. அப்புறம் தானா நின்னுடுச்சு. சரியாயிடுச்சுன்னு விட்டுட்டேன்."

"சரியாகலங்க. உள்ள நரம்பு செத்துப்போச்சு. அதான் வலி நின்னுச்சு."

வீட்டுக்கு வந்தும் அதுவே காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஊருக்குப் போனதும் நீ தினமும் போன் செய்து, "ஏம்ப்பா அப்படிப் பண்ணீங்க?" என்று அழுதாய், கத்தினாய். "ஒண்ணுமில்லம்மா" என்று மழுப்பினேன். பிறகு நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். கோபம் ஆறிவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. ஒரு தடவை போன் பண்ணித் திட்டு, கண்ணு.

அப்பா